சீட்டு கேட்காத தரகன்

"அக்கா, இன்னிக்கு யாரை அடிக்கப் போறீங்க?"ன்னு கேட்டான் ஆர்னால்ட்.

காலையில ஒன்பது மணிக்கு லேபுக்குள்ள நுழையறவகிட்ட கேக்குற கேள்வியா அது? ஆனா அவனைச் சொல்லிக் குத்தமில்ல. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல ரயில் ஏறி, பூன் லேயில இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிச்சு வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டே வந்தவ நான். என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு எனக்கே தெரியும்.

"உன்னைத்தான். முதல்ல அந்த சிரிஞ்சு டப்பாவை எடு"ன்னேன்.

ஆர்னால்ட் எங்க லேபுல கேமரா, மைக்ராஸ்கோப் எல்லாத்துக்கும் பொறுப்பு. என்னைவிட ஏழு வயசு சின்னவன். வாய் மட்டும் எழுபது வயசு.

அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள நான் சொல்றது சரின்னு காட்டணும். இல்லன்னா மூணு வருஷமா நான் கட்டிக் காத்த தரகனைக் கைவிட்டுட்டு, வித்யா சொல்றதுதான் சரின்னு ஆய்வுக் கட்டுரையில என் கையாலேயே எழுதிக் கொடுக்கணும். அதுக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்.

தரகன் யாருன்னு சொல்லிடறேன்.

என் பேர் சிவகாமசுந்தரி. லேபுல எல்லாருக்கும் சுந்தரி. செடிக்கு வர்ற நோயை ஆராய்ச்சி பண்றது என் வேலை. பஃபலோ ரோடு அடுக்குமாடி பிளாக்குல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி சம்சுன்னிசா அக்கா இருக்காங்க. மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் கதவைத் தட்டி, "நீ செடி டாக்டராமே, இது ஏம்மா இப்படி நிக்குது?"ன்னு ஒரு நித்தியகல்யாணித் தொட்டியைக் கையில கொடுத்தாங்க. பூ இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் பச்சை இலை. ரோஸ் கலர்ல ஒரு இதழ்கூட இல்ல. குட்டிக் குட்டிக் கிளையா, துடைப்பம் மாதிரி ஒரே கொத்தா முளைச்சிருந்துச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அவங்களுக்கு அது நோய், எனக்கு அது புதையல்.

இந்த அட்டூழியத்தைப் பண்றது பைட்டோபிளாஸ்மாங்கிற ஒரு வகை பாக்டீரியா. செடியில சாறு ஓடுற குழாய்க்குள்ள குடியிருக்கும். தத்துப்பூச்சி ஒரு செடியில சாறு குடிச்சுட்டு அடுத்த செடிக்குப் போகும்போது இதுவும் அது வயித்துல ஏறிப் போயிடும். குழாய்க்குள்ள உக்காந்துக்கிட்டே சில புரதங்களைச் செடியோட செல்லுக்குள்ள அனுப்பும். அதுல ஒரு புரதம்தான் என் ஆளு. கட்டுரையில அதுக்கு ஏதோ ஒரு நம்பர். நான் வச்ச பேர் தரகன்.

செல்லுக்குள்ள, 'இலை போட்டது போதும், இனி பூ விடு'ன்னு உத்தரவு போடுற புரதங்கள் இருக்கு. அதிகாரிகள்னு வச்சுக்குங்களேன். வேலை முடிஞ்ச புரதங்களை அரைச்சுத் தள்றதுக்குச் செல்லுக்குள்ளேயே ஒரு அரவை மிஷினும் இருக்கு, புரோட்டியசோம்னு பேரு. அது கண்டதையும் அரைக்காது. அரைக்க வேண்டிய புரதத்து மேல யுபிக்விட்டின்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கணும். வீட்டுல இருக்கற பழைய சோபாவைத் தள்ளிவிடணும்னா டவுன் கவுன்சிலுக்கு போன் பண்ணி நாள் வாங்கினாத்தானே ஆள் வந்து தூக்குவாங்க? அந்த மாதிரிதான்.

இப்ப சண்டை எங்கேன்னா, பாக்டீரியாவோட புரதம் அதிகாரி மேல திருட்டுத்தனமா சீட்டு ஒட்ட வைக்குது, அதனாலதான் மிஷின் அவரை அரைக்குதுன்னு வித்யா சொன்னா. நான் சொன்னேன், சீட்டும் கிடையாது கீட்டும் கிடையாது. தரகன் ஒரு கையால மிஷினோட கதவைப் பிடிச்சுக்கிறான், இன்னொரு கையால அதிகாரியோட சட்டையைப் பிடிக்கிறான், நேரா உள்ள தள்ளிடறான். அதிகாரி போயிட்டா பூவும் இல்ல, விதையும் இல்ல, செடி முழுக்க இளம் இலைதான். தத்துப்பூச்சிக்கு விருந்து. பூச்சி வந்தா பாக்டீரியாவுக்கு அடுத்த செடிக்குப் போக வண்டி ரெடி.

வித்யா என்னை மாதிரியே இங்க ஆய்வாளர். எனக்கு எதிர் மேசை. எதைச் சொன்னாலும் நிதானமா, நாலு ஆதாரத்தோட, குரலே உயராம சொல்லுவா. உடனே எல்லாரும் தலையை ஆட்டுவாங்க. நான் சொன்னா, "சுந்தரிக்குக் கோபம் வந்துடுச்சு லா"ன்னு சிரிப்பாங்க. கோபக்காரி சொல்றது பொய்யாத்தான் இருக்கணுமா?

சண்டையைத் தீர்க்க ஒரு சோதனை வச்சேன். அதிகாரிப் புரதத்துல சீட்டு ஒட்டக்கூடிய இடம் அத்தனையையும் மாத்திட்டேன். யாரு தலைகீழா நின்னாலும் அது மேல இனி சீட்டு ஒட்ட முடியாது. அதோட பச்சையா ஒளி விடற ஒரு புரதத்தையும் இணைச்சாச்சு. நீல வெளிச்சம் அடிச்சா மின்னும். இந்தச் சீட்டு ஒட்டாத அதிகாரியையும் தரகனையும் ஒரே இலைக்குள்ள விடணும். இலை இருண்டு போச்சுன்னா தரகன் சீட்டே இல்லாம அதிகாரியை அரைச்சுட்டான், நான் சொன்னது சரி. இலை மின்னிக்கிட்டே இருந்தா வித்யா சொன்னது சரி.

நாலு தடவை பண்ணிட்டேன். நாலு தடவையும் இலை மின்னுச்சு.

பேராசிரியர் ஆங்தான் எங்க லேபுக்குத் தலைவர். அதிகம் பேசாத மனுஷன். நாலாவது தடவை நம்பரைப் பார்த்துட்டு, "சுந்தரி, செடி நமக்குப் பதில் சொல்லிடுச்சுன்னு நினைக்கிறேன்"ன்னு இங்கிலீஷ்ல மெதுவாச் சொன்னார். திட்டியிருந்தா திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் இரக்கப்பட்டார். அதைத்தான் தாங்க முடியல. கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டு வாங்கினேன். அந்த ஒரு தடவைதான் இந்தச் செவ்வாய்க்கிழமை.

அதிகாரி, தரகன் ஜீன்களைச் செடிக்குள்ள சுமந்துட்டுப் போக வேற ஒரு பாக்டீரியா இருக்கு, அதைத் தண்ணியில கலந்து சிரிஞ்சுல எடுப்போம். இலையில ஊசி போடறதுன்னு சொல்லுவோமே தவிர, அதுல ஊசி கிடையாது. காட்டுப் புகையிலைச் செடியோட இலையைப் பிடிச்சு, அடிப்பக்கம் வெறும் சிரிஞ்சு வாயை வச்சு, மேல்பக்கம் ஆள்காட்டி விரலை முட்டுக் கொடுத்து, மெதுவா அழுத்தணும். தண்ணி இலைக்குள்ள பரவறது கண்ணுக்கே தெரியும், ஈரத் திட்டு மாதிரி நரம்பு வரைக்கும் போய் நிக்கும். எனக்கு இதுல நல்ல கை. லேபுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னால சாமி கும்பிடறது என் வழக்கம். முதல் தடவை பண்றதுக்கு முன்னாலேயே, ஆடிப்பெருக்கு அன்னிக்குத் தங்கச் சங்கிலியைக் கழட்டி பீரோவுல வச்சுட்டு, இந்தச் சோதனை ஜெயிக்கிற வரைக்கும் கழுத்துல மஞ்சக் கயிறுதான்னு சிராங்கூன் ரோடு காளியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். தினமும் குளிச்சதும் கயித்துக்கு மஞ்சள் பூசுவேன். என் வீட்டுக்காரர் பாலகிருஷ்ணன், "சயின்டிஸ்டாம், வேண்டுதலாம்"னு கிண்டல் பண்ணுவார். "நீங்க கிரேன்ல ஏறும்போது முருகான்னு சொல்றதில்லையா?"ன்னு கேட்டா வாயை மூடிக்குவார்.

கையுறை போட்டேன். தாலியை எடுத்து மூணு தரம் கண்ணுல ஒத்திக்கிட்டேன். 'தாயே, இந்த ஒரு தடவை.' முக்கியமான வேலைக்குத்தானே முதல்ல சாமி, அதனால தரகன் போட வேண்டிய இலைகளை எப்பவும் போல முதல்ல எடுத்தேன். மத்ததெல்லாம் பின்னால. ஆர்னால்ட் பக்கத்துல நின்னு செடியை ஒவ்வொண்ணா நீட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையில இலைகளைப் பறிச்சு கேமரா பெட்டிக்குள்ள அடுக்கினோம். பெட்டி நீல வெளிச்சத்தை அடிச்சு, எவ்வளவு மின்னுதுன்னு ஒவ்வொரு இலைக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். ஆர்னால்ட் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"சொல்லித் தொலைடா."

"மின்னுது அக்கா. போன தடவையைவிட ஜாஸ்தியா மின்னுது."

அப்படியே இருட்டு அறையோட சுவத்துல சாஞ்சுட்டேன். எனக்கு அழுகையே வராதுன்னு ஊரெல்லாம் நினைச்சுக்கிட்டிருக்கு. வந்துச்சு. மூணு வருஷம். ஞாயித்துக்கிழமைகூட வந்து செடிக்குத் தண்ணி ஊத்தினேனே! பொங்கலுக்கு வீட்டுல பால் பொங்கும்போது நான் இங்க இலை எண்ணிக்கிட்டிருந்தேன். எல்லாத்துக்கும் மேல, தரகன் அப்படித்தான் வேலை பார்க்கிறான்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். தெரிஞ்சும் காட்ட முடியலையேங்கிற ஆத்திரம்.

"கோப்பி வாங்கிட்டு வரவா அக்கா?"

"விஷம் வாங்கிட்டு வா. அந்த டார்ச்சைக் குடு, என் கண்ணால ஒரு தடவை பார்க்கறேன்."

ஒளிவிடற இலையை நேர்ல பார்க்கணும்னா நீல டார்ச் அடிச்சு, ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கணும். ரெண்டு பேரும் கண்ணாடியை மாட்டினோம். புதுக் கையுறை போட்டுக்கிட்டேன். கை தானா கழுத்துக்குப் போச்சு, தாலியைக் கண்ணுல ஒத்தினேன். ஆர்னால்ட் டார்ச்சை அழுத்தினான்.

"அக்கா. அசையாதீங்க."

"என்னடா, பல்லியா?"

"உங்க கழுத்து மின்னுது."

குனிஞ்சு பார்த்தேன். கழுத்துலேர்ந்து மார் வரைக்கும் பச்சைப் பசேல்னு ஒரு கோடு. என் மஞ்சக் கயிறு. கையைத் தூக்கிப் பார்த்தேன். இப்பத்தான் போட்ட கையுறை, கட்டை விரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் அதே பச்சை.

கயித்தைத் தூக்கி மூக்குகிட்ட வச்சு மோந்து பார்த்தேன்.

மஞ்சள்! நீல வெளிச்சம் பட்டா மஞ்சள் பச்சையா ஒளி விடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? பள்ளிக்கூடப் பசங்களுக்கு அறிவியல் நாள்ல நானே செஞ்சு காட்டியிருக்கேன். கண்ணாடிக் குவளையில ஆல்கஹாலும் மஞ்சளும் கலந்து, டார்ச் அடிச்சு, 'பாருங்க கண்ணுங்களா'ன்னு. என் கழுத்துல இருக்கறது மட்டும் எனக்கு மஞ்சளாத் தெரியல, சாமியாத் தெரிஞ்சுது.

"டேய், இலையை எடு. தரகன் போட்ட இலை."

அவன் டார்ச் அடிச்சான். நாலு தடவையும் பெட்டி கொடுத்த நம்பரைத்தான் பார்த்தோம், ஒரு தடவையாவது இலையைப் பார்த்தோமா? ஒளிப்புரதமா இருந்தா ஈரத் திட்டு பரவின இடம் பூரா, நரம்பு வரைக்கும் மின்னணும். இந்த இலையில மின்னினது கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வட்டம். என் ஆள்காட்டி விரல் முட்டுக் கொடுத்த இடம். மேல்பக்கத்துல.

டிஷ்யூவுல ஆல்கஹாலை நனைச்சேன். "நீ துடைடா, என் கையே வேணாம்"ன்னேன். அவன் ஒரு இழுப்பு இழுத்தான். பச்சை போச்சு. இலை கருகருன்னு இருட்டாயிடுச்சு.

தரகன் போடாத, அதிகாரி மட்டும் இருக்கற இலையையும் துடைக்கச் சொன்னேன். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை துடைச்சான். ஒளி அசையல. அது உள்ள இருக்கற ஒளி.

நான் போட்ட சத்தத்துல பக்கத்து அறையிலேர்ந்து ஆள் ஓடி வந்தாங்க. "தீ இல்ல, தீ இல்ல!"ன்னு ஆர்னால்ட் வெளியே போய்ச் சமாதானம் சொன்னான். அடி தாயே, உன்னைக் கும்பிட்டது போதாதுன்னு நீயே வந்து என் இலையில உக்காந்துக்கிட்டியே! சிரிக்கறேனா அழறேனான்னு எனக்கே தெரியல.

எல்லா இலையையும் துடைச்சு, துடைக்கறதுக்கு முன்னயும் பின்னயும் படம் எடுத்து முடிக்க மணி ஒண்ணு. அப்ப ஆர்னால்ட் குரலைத் தணிச்சுக் கேட்டான். "அக்கா, மஞ்சக் கதையை மீட்டிங்ல சொல்லணுமா? துடைச்ச படத்தை மட்டும் காட்டிடலாமே. யாருக்குத் தெரியப் போகுது?"

மனசுல ஒரு நொடி ஆசை வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறவ, தாலி மஞ்சளை ஆராய்ச்சி முடிவுன்னு நாலு தடவை கொண்டு வந்து காட்டியிருக்கேன். எப்படி வெளியே சொல்றது? ஆனா இதை மறைச்சு ஜெயிச்சா, நாளைக்கு நான் எதைச் சொன்னாலும் எனக்கே சந்தேகம் வரும். "உதை வாங்குவே. எல்லாத்தையும் சொல்லப் போறேன்"ன்னேன்.

மூணு மணிக்கு எல்லாத்தையும் சொன்னேன். கயிறு, வேண்டுதல், விரல், வட்டம், எதையும் விடல. அவங்க முன்னாலேயே ஒரு இலையை ஆர்னால்டை விட்டுத் துடைக்கச் சொல்லிக் காட்டினேன். பின் வரிசையில யாரோ சிரிச்சாங்க. பேராசிரியர் ஆங் சிரிக்கல. வித்யாவும் சிரிக்கல.

"வெறும் தண்ணி ஏத்தின இலை எங்க, சுந்தரி?"ன்னு கேட்டா வித்யா.

அதே நிதானம். எனக்குக் காது சூடாச்சு. ஏன்னா கேள்வி சரியான கேள்வி. புரதம் எதுவும் இல்லாம தண்ணியை மட்டும், அதே கையால, அதே மாதிரி ஏத்தி ஒரு இலை வச்சிருந்தா, அதுவும் மின்னியிருக்கும், முதல் தடவையே குட்டு வெளிப்பட்டிருக்கும். நான் செடி வீணாகுதேன்னு கை படாத இலையையே 'வெறும் இலை'ன்னு பறிச்சு வச்சிருந்தேன்.

"இல்ல. வைக்கல. அது என் தப்பு"ன்னேன்.

"அப்படின்னா இந்த அஞ்சு தடவையையும் கணக்குல எடுக்க முடியாது. துடைச்சதும் இருட்டாச்சுங்கறது சரி. துடைச்ச கை வேற என்ன பண்ணுச்சுன்னு யாருக்குத் தெரியும்? என்னால இதை நம்ப முடியாது."

மேசையை ஓங்கித் தட்டியிருப்பேன். தட்டறதுக்குத்தான் கையை எடுத்தேன். எடுத்த கையை அவளை நோக்கி நீட்டினேன்.

"சரி. என் கையை நம்பாதீங்க. உங்க கையால பண்ணுங்க வித்யா. நீங்களே ஊசி போடுங்க, நீங்களே படம் எடுங்க, நீங்களே படிங்க. நான் அந்த அறைக்குள்ளேயே வரல."

அவ இதை எதிர்பார்க்கல. பேனாவை எடுத்து நோட்டுல ஏதோ குறிச்சா.

"பண்றேன். ஆனா இன்னும் ஒண்ணு சேர்க்கணும். தரகன் கதவைப் பிடிச்சுக்கிறான்னு சொல்றீங்கல்ல? கதவைப் பிடிக்கிற அந்தக் கையை ஒடிச்ச தரகன் வேணும். அவனாலயும் இலை இருண்டா உங்க கதை பொய்."

"ஃப்ரீசர்ல இருக்கான்"ன்னேன். "போன மார்ச்சுலயே ஒடிச்சு வச்சுட்டேன்."

பேராசிரியர் ஆங் முதல் தடவையா லேசா சிரிச்சார். ஜீனைச் சுமக்கற பாக்டீரியாவை வளர்க்க ஒரு நாள், ஊசி போட்டதும் மூணு நாள், அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் தர்றேன்னார். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கிடையாதுன்னும் சொல்லிட்டார்.

எது எதுன்னு தெரியாம ஊசி போடணுங்கறதுக்காகக் குழாய்களுக்குப் பேர் ஒட்டற வேலையை ஆர்னால்ட்கிட்ட கொடுத்தாங்க. ஒழுங்கா ஒண்ணு ரெண்டுன்னு போடுவான்னு பார்த்தா, யீஷுன், பெடோக், கிளமெண்டி, பாசிர் ரிஸ், பொத்தோங் பாசிர்னு ரயில் நிலையம் பேரா ஒட்டியிருக்கான். அஞ்சு வகை. ஒளிப்புரதம் சேர்த்த சாதா அதிகாரி, சீட்டு ஒட்டாத அதிகாரி, சீட்டு ஒட்டாத அதிகாரியும் தரகனும் சேர்ந்து, அதே அதிகாரியும் கை ஒடிஞ்ச தரகனும் சேர்ந்து, வெறும் தண்ணி. எந்த நிலையம் எந்த வகைங்கற பட்டியலை உறையில போட்டு ஒட்டி, பேராசிரியர் டிராயர்ல வச்சுப் பூட்டியாச்சு.

சனிக்கிழமை வித்யா ஊசி போட்டா. நான் வெளியே நடைபாதையில பெஞ்சுல உக்காந்திருந்தேன். கண்ணாடி வழியா அவ முதுகு மட்டும் தெரிஞ்சுது. ஒவ்வொரு இலைக்கும் கையுறை மாத்தினா. நாலு மணி நேரம், முப்பது இலை, முப்பது ஜோடி. வெளியே வந்தப்ப அவ தோள்பட்டையைத் தேய்ச்சுக்கிட்டா. "உங்க கை அளவுக்கு வேகம் வரல"ன்னு சொல்லிட்டுப் போனா. அவளைத் திட்டறதுக்கு அன்னிக்கு எனக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கல.

ஞாயிறும் திங்களும் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. தேக்கா பசார்ல கத்திரிக்காய் வாங்கப் போயி, கத்திரிக்காயைத் தவிர எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தேன். பாலகிருஷ்ணன், "உனக்கு அந்தத் தரகன் மேல இருக்கற பாசத்துல பாதி என் மேல இருந்தா நல்லா இருக்கும்"னார். நான் தலையாட்டிக்கிட்டே உப்பு டப்பாவை ஃப்ரிட்ஜுல வச்சேன். அதைப் பார்த்துத்தான் மனுஷன் பயந்து போய் அவரே சமைச்சார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கேமரா அறைக்கு வெளியே எல்லாரும் கூடிட்டோம். வித்யா மட்டும் உள்ள போனா. படம் ஒவ்வொண்ணா வெளியே இருக்கற பெரிய திரையில வந்துச்சு. இந்தத் தடவை நம்பர் மட்டும் இல்ல, ஒவ்வொரு இலைக்கும் முழுப் படம், மேல்பக்கம், அடிப்பக்கம், ரெண்டும்.

"பெடோக். மின்னுது. ஆறு இலையும்"னு உள்ளேயிருந்து வித்யா குரல்.

"பாசிர் ரிஸ். மின்னுது."

"யீஷுன். இருட்டு."

என் பக்கத்துல ஆர்னால்ட் சிலுவை போட்டுக்கிட்டான். யீஷுன் வெறும் தண்ணியா இருக்கலாம். தண்ணி எப்படியும் இருட்டாத்தான் இருக்கணும். இன்னும் ஒண்ணு இருட்டா வந்தாத்தான் எனக்கு வாழ்வு.

"பொத்தோங் பாசிர். மின்னுது."

மிச்சம் ஒண்ணே ஒண்ணு. வித்யா உள்ள எதையோ சரி பண்ணிக்கிட்டிருந்தா. இலையைத் திருப்பிப் போடற சத்தம் கேட்டுச்சு. திரையில முதல்ல படம் வந்துச்சு. ஆறு இலை. ஆறும் கறுப்பு.

"கிளமெண்டி"ன்னா வித்யா. "இருட்டு."

யாரும் கை தட்டல. ஏன்னா கதை இன்னும் முடியல. அந்த ரெண்டு இருட்டுல ஒண்ணு தண்ணி. இன்னொண்ணு முழுத் தரகனா, கை ஒடிஞ்ச தரகனா? கை ஒடிஞ்சவனா இருந்தா என் கதை பொய், வித்யா சொன்ன மாதிரியே. வித்யா வெளியே வந்தா. பேராசிரியர் ஆங் உறையை எடுத்து அவ கையில கொடுத்தார். அவ கிழிச்சா. நான் ஆர்னால்ட் தோளைப் பிடிச்சுக்கிட்டேன்.

"யீஷுன், தண்ணி"ன்னு படிச்சா. "பெடோக், சாதா அதிகாரி. பாசிர் ரிஸ், சீட்டு ஒட்டாத அதிகாரி. பொத்தோங் பாசிர், கை ஒடிஞ்ச தரகன்."

அதுக்கு மேல அவ படிக்கணும்னு அவசியமே இல்ல. ஆனா அவ படிச்சா. முழுசா, என்னை நேராப் பார்த்து, எல்லார் காதுலயும் விழற மாதிரி படிச்சா. "கிளமெண்டி. சீட்டு ஒட்டாத அதிகாரியும் முழுத் தரகனும்."

நான் கத்தினேனா? ஆர்னால்ட்தான் கத்தினான். என்னைத் தூக்கி ஒரு சுத்துச் சுத்தினான், நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளையை, பேராசிரியர் முன்னால! பேராசிரியர் ஆங் கை தட்டினார். பின் வரிசையில அன்னிக்குச் சிரிச்ச ஆளுங்களும் தட்டினாங்க. ஜெயிச்சுட்டேன். என் கை படாம ஜெயிச்சுட்டேன். என்னை நம்பாதவ கையாலேயே ஜெயிச்சுட்டேன். அதைவிடப் பெரிய ஜெயம் உண்டா?

சத்தம் அடங்கினதும் வித்யா என் மேசைக்கு வந்தா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கம்ப்யூட்டர்ல கட்டுரையைத் திறந்தா. சீட்டு ஒட்டறதைப் பத்தி அவ எழுதியிருந்த பத்தி, பதினோரு வரி. அதை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிச்சா. அப்புறம் அவளே அழிச்சா. யாரும் சொல்லல.

"சொல்லுங்க சுந்தரி. நான் டைப் பண்றேன்."

எத்தனை மீட்டிங்ல, எத்தனை பேர்கிட்ட, மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருப்பேன் அந்த ஒரு வாக்கியத்தை. சிரிச்சாங்க, இரக்கப்பட்டாங்க, காபி குடிக்கப் போனாங்க. இப்ப கீபோர்டு மேல ரெண்டு கை காத்துக்கிட்டிருக்கு.

"இந்தப் புரதத்துக்குச் சீட்டு தேவையில்ல"ன்னேன். கத்தாம, மெதுவா.

அவ ஒரு வார்த்தைகூட மாத்தாம அடிச்சுட்டு, "அடுத்து?"ன்னா.